துண்டுக்குள் இரு கைகள்

காலை எட்டு மணிக்கு அறுபத்துநான்கு தறிகளிலும் தோல் விளைந்திருந்தது.

ஞானதுரை முதல் தோல்தறியின் கண்ணாடியை உயர்த்தினான். தட்டின் மேல் ஈரமான, வெளிறிய படலம். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அகலம் இருக்கும். ஓரத்தில் இருந்த நொதிமானி நாற்பத்தொன்று காட்டியது. நாற்பதைத் தாண்டினால் அறுவடை செய்யலாம். தட்டைச் சாய்த்து மேலே நின்ற நீரைக் கழிவு டிரம்மில் கொட்டினான். தட்டில் பிடித்து நிற்காத செல்கள் அந்த நீரில் மிதக்கும். அவற்றுக்கு மிதவை என்று பெயர். மிதவை கழிவு. நன்றாகப் பிடித்து நின்ற பகுதியில் ஒரு துணுக்கை எடுத்து அடுத்த தட்டில் விதைத்தான்.

கொட்டு, விதை, அடுத்த தறி. எட்டு வருடமாக இதுதான் வேலை.

தோல் செல்லுக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். ஊன்றியதும் அதற்குள் பிடிநொதி விழிக்கும். அது அடுத்த நொதியைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. கடைசியில் செல்லின் உட்கருவுக்குச் செய்தி போய்ச் சேரும்: இடம் கிடைத்துவிட்டது, பெருகலாம். இடம் கிடைக்காத செல் ஒரு நாளில் இறந்துவிடும். பிடிப்பு இருந்தால்தான் வளர்ச்சி. தோல் பண்ணையில் வேலைக்குச் சேருபவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

பண்ணையின் எல்லாத் தோலும் பெயர் தெரியாத ஒருவர் கொடுத்த நகக்கண் அளவு துணுக்கிலிருந்து வந்தது. அதன் செல்களில் இருந்த அடையாளங்களை ஆய்வகத்தில் அழித்துவிட்டார்கள். எந்த உடம்பும் அதை அந்நியம் என்று தள்ளாது. பொதுத்தோல் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் பட்டாசு வட்டாரத்தில் உடம்பு பாதிக்கு மேல் வெந்தால் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்போது மூன்றாம் நாள் தோல், பத்தாம் நாள் கஞ்சி, நாற்பதாம் நாள் பஸ் ஏறி வீடு. மாநிலத்தில் பதினோராயிரம் பேர் பொதுத்தோலோடு நடமாடினார்கள்.

போர்த்திய தோல் இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் பிடிக்க வேண்டும் என்பது தரவிதி. ஞானதுரையின் தோல் ஐம்பது நிமிடத்தில் பிடித்தது. அதற்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழ் வாசலில் சட்டம் போட்டுத் தொங்கியது.

ஏழாவது தறியில் நின்றபோது போன் வந்தது. மாடியில் தீக்காயப் பிரிவில் இருந்து அறுவை மருத்துவர் ஷேக் மைதீன்.

"ஞானம், கொஞ்சம் மேல வாங்க."

"தோல் உரிஞ்சிருச்சா டாக்டர்?"

"உரியல. அதான் பிரச்சினையே. வாங்க."

*

வார்டில் இரண்டு கட்டில்கள் ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் வீரபெருமாள், மற்றதில் அவன் மனைவி அழகுத்தாய். ஒன்பது நாட்களுக்கு முன் ஒரே அறையில் பட்டாசு மருந்து இடித்துக்கொண்டிருந்தபோது வெந்தவர்கள். இருவருக்கும் தொண்டையில் சுவாசக் குழாய் போட்டிருந்தது. பேச முடியாது. தோல் போர்த்தி ஆறு நாள் ஆகியிருந்தது. பொதுத்தோலுக்குக் கட்டுப் போட வேண்டியதில்லை. உடம்பு முழுவதும் திறந்து கிடந்தது. மேலே கூடாரம் போல ஈரப்புகை.

கட்டில்களுக்கு நடுவே ஒரு துண்டு விரித்திருந்தது. மருத்துவர் அதை விலக்கினார்.

அவனுடைய வலது கையும் அவளுடைய இடது கையும் கோத்திருந்தன. ஞானதுரை குனிந்தான். அவன் விரல் எங்கே முடிகிறது, அவள் விரல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் கோடே இல்லை. ஒரே தோல்.

"எவ்வளவு நேரமா இப்பிடி?"

மருத்துவர் கட்டிலின் கால்மாட்டைக் கண்ணால் காட்டினார். அங்கே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி முந்தானையை வாயில் பொத்தி நின்றிருந்தாள். வீரபெருமாளின் அக்கா சண்முகத்தாய்.

"நேத்து சாயந்தரம் பிடிச்சாங்க சார்," என்றாள். "நான்தான் துண்டப் போட்டு மூடுனேன். நர்சம்மா பாத்தா வையும்ல."

"எதுக்குக் கையப் பிடிக்கணும்?"

"என்னத்தச் சொல்ல. எங்கப்பா மாட்டுத் தரகரு. சந்தையில வெலய வாயால சொல்ல மாட்டாக. துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் பிடிச்சுத்தான் பேச்சு. இவனுக்கும் அது வரும். கல்யாணம் ஆன புதுசுல எங்க முன்னாடி பேசக் கூச்சப்பட்டுக்கிட்டு, பொண்டாட்டிக்கும் அதச் சொல்லிக் குடுத்து வச்சிருந்தான் களவாணிப் பய. ஒரு விரலப் பிடிச்சாத் தண்ணி. ரெண்டு பிடிச்சா வலிக்கி. மூணு பிடிச்சா ஏதோ கேள்வி. முழுக்கையும் பிடிச்சா..." நிறுத்தினாள். "சந்தையில அதுக்கு, வெல படிஞ்சிருச்சுன்னு அர்த்தம். இதுக என்னத்துக்கு வச்சிருந்துச்சோ."

"வாயில குழாய். வேற எப்பிடிப் பேசுவாங்க," என்றார் மருத்துவர். குரலில் கோபம் இல்லை. ஞானதுரையை ஓரமாக அழைத்துப் போனார்.

"நாளங்கள் ஒண்ணையொண்ணு தேடி வளர ஆரம்பிச்சிருச்சு. சாயம் ஏத்திப் பாத்தேன். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள சேந்துரும். அவனுக்கு பி குரூப். அவளுக்கு ஏ. ரத்தம் கலந்தா ரெண்டு பேருமே இல்ல."

"வெட்டினா?"

"வெட்டினா ரெண்டு உள்ளங்கையும் போயிரும். மேல போட வேற தோல் இல்ல. இருக்கறது உங்க தோல்தான். அதுவும் இப்பிடித்தான் ஒட்டும். ஒருத்தர் கைய மணிக்கட்டோட எடுத்தா மத்தவருக்குப் பாதிக் கை மிஞ்சும். யார் கைய எடுக்கறதுன்னு நான் முடிவு பண்ணணும்." மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி. அது வரைக்கும் உங்களுக்கு நேரம்."

"தட்டுல இருந்து செல்லப் பிரிக்கச் செரிநொதி போடுவோம். அது ஆகாது. அடியில உள்ள சதையையும் தின்னுரும்."

"தெரியும். தெரியாததச் சொல்லுங்க."

ஞானதுரை திரும்பி ஒருமுறை கட்டிலைப் பார்த்தான். அவன் மனைவி எஸ்தர் இறந்து இருபது மாதம். டெங்கு, நான்கு நாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

கீழே இறங்கினான்.

*

முதலில் பழைய பதிவேடுகளை எடுத்தான். ஒவ்வொரு மாதமும் ஒரு தட்டை அறுவடை செய்யாமல் விட்டுவைத்து, அது எத்தனையாவது நாளில் உதிரத் தொடங்குகிறது என்று குறிப்பது வழக்கம். நல்ல தோல் உதிர வேண்டும். அடியில் புதுச் செல் பிறக்கும், மேலே ஏறும், ஏற ஏறப் பிடியை விடும், காய்ந்து உதிரும். மனிதன் மாதம் ஒருமுறை தன் மேல்தோலை முழுவதும் உதிர்த்துவிடுகிறான். உதிர்ந்த செல்களின் காய்ந்த அடுக்குதான் உடம்புக்குக் கவசம். உலர்ந்த இரண்டு கவசங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது.

முதல் வருடம்: இருபத்தெட்டாம் நாள். மூன்றாம் வருடம்: நாற்பதாம் நாள். ஐந்தாம் வருடம்: அறுபத்தாறு. ஏழாம் வருடத்துக்கு எதிரே அவன் கையெழுத்திலேயே 'உதிர்வு இல்லை, சிறப்பு' என்று எழுதியிருந்தது.

அந்தச் 'சிறப்பு' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

இரண்டு நோயாளிகளின் கோப்புகள் நினைவுக்கு வந்தன. ஒரு கிழவருக்கு மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்துவிட்டன. ஒரு பெண்ணுக்கு அக்குள் மூடிக்கொண்டது. தீக்காயத்தில் விரல் சேர்வது புதிதல்ல. நோயாளி பயிற்சி செய்யவில்லை என்று எழுதி மூடியிருந்தார்கள்.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு நாளும் விட்டவற்றைக் கொட்டினான், பிடித்தவற்றை விதைத்தான். எட்டு வருடம், ஏறக்குறைய மூவாயிரம் முறை. விடத் தெரிந்த செல் ஒவ்வொன்றையும் தேடித் தேடி வெளியேற்றியிருக்கிறான். மிஞ்சியது விடத் தெரியாத தோல். மேலே ஏறினாலும் அது காயவில்லை. உயிரோடு, ஈரத்தோடு, அடுத்த பிடிக்காகக் காத்திருந்தது. இன்னொரு உடம்பில் அதே தோல் கிடைத்ததும் பிடித்துக்கொண்டது. அதன் கணக்கில் அது வேறு ஆள் இல்லை. பதினோராயிரம் பேரும் ஒரே ஆள்.

பதினோரு மணியாகிவிட்டது. பிடிநொதியைத் தூங்கவைக்க வழி வேண்டும். இருப்பில் இருந்த ஆறு தடுப்பு மருந்துகளையும் ஆறு தட்டுகளில் விட்டுப் பார்த்தான். நான்கில் செல்கள் செத்தன. இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை. நொதிமானி நாற்பத்தொன்றிலேயே நின்றது. மூன்று மணிக்குத் தட்டுகளைக் கழுவக் கொண்டுபோனான்.

கழுவும் அறையில் பேச்சியக்கா கம்பி நாரால் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. பண்ணை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள்.

"இன்னும் ஆறா?" என்றாள். "வைங்க, வைங்க. இந்தத் தட்டுகளத் தேச்சுத் தேச்சு என் ரேகையே அழிஞ்சு போச்சு. ரேசன் கடையில வெரல வச்சா, நீ யாருன்னு கேக்குது மிசினு. வரவர ரொம்ப மோசம் சார். முன்னாடி ஒரு தேய். இப்பப் பத்துத் தேய்."

"தெரியுது."

"என்னத்தத் தெரியுது. மூஞ்சியப் பாத்தா மத்தியானம் சாப்பிடல போல."

"டிரம்ம எப்பக் கழுவுவீங்க?"

கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை. வாயில் வந்தது.

"டிரம்மா? அது தங்கம் சார். அஞ்சு மணிக்கு ப்ளீச்சிங் பவுடரப் போடுவேன், ஒரு வாளித் தண்ணிய ஊத்துவேன், முடிஞ்சது. ஒண்ணும் ஒட்டாது. எட்டு வருசத்துல ஒரு நாள் தேச்சது கிடையாது. தட்டும் அதே கம்பெனி பிளாஸ்டிக்குதான், டிரம்மும் அதே பிளாஸ்டிக்குதான். தட்டுல மட்டும் பேயாட்டம் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு."

ஞானதுரை கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தான்.

"அக்கா, இன்னைக்கு ப்ளீச்சிங் போட்டாச்சா?"

"இல்ல, இனிமேத்தான்..."

"போடாதீங்க."

டிரம்மின் உள்சுவரை விரலால் தடவினான். வழுவழுவென்று இருந்தது.

அறுபத்துநான்கு தறிகளின் மிதவையும் அங்கேதான் சேர்கிறது. ஒரு தட்டில் நூறு கூட இருக்காது. அத்தனையும் ஓரிடத்தில் சேரும்போது நீரில் ஏதோ ஒன்று போதுமான அளவு சேர்கிறது. பிடித்திருக்கும் செல்லையும் விடச் சொல்லும் ஒன்று. தட்டி எழுப்ப ஒரு நொதி இருந்தால், தட்டித் தூங்கவைக்க இன்னொரு நொதி இருந்தாக வேண்டும். அதைத்தான் தினமும் ஐந்து மணிக்கு ப்ளீச்சிங் போட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

வடிகட்டினான். நாற்பது லிட்டர் கழிவை வற்றவைத்து ஒரு டம்ளர் ஆக்கினான். கலங்கலான, கஞ்சித்தண்ணி நிறம். ஏழாவது தறியில் ஒரு கரண்டி விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. அரை மணி கழித்து முப்பத்தெட்டு.

இருபதுக்கு வந்தபோது தோலின் ஒரு மூலை எழும்பியது. ஒன்பதுக்கு வந்தபோது ஆறிய பாலில் ஆடை நகர்வதுபோல் தோல் முழுவதும் தட்டை விட்டு நகர்ந்தது. செல்கள் உயிரோடு இருந்தன. மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

குறிப்பேட்டில் 'விடுநீர்' என்று எழுதி நேரத்தைக் குறித்தான்.

*

"எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டார் மருத்துவர். மறுநாள் காலை ஏழரை மணி.

"தட்டுல நிச்சயம். ஆள்ல தெரியாது."

"மணிக்கட்டுக்கு மேல ஏறிட்டா?"

"உடம்புத் தோல் எல்லாம் வழண்டுரும். அங்க பிடிப்பு தட்டு அளவுக்குக் கெட்டி இல்ல, பதினஞ்சு நிமிசம் போதும்."

மருத்துவர் விடுநீர் டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மணிக்கட்டுல வாசலின் அணை கட்டுவேன். குளுந்தா நொதி தூங்கிரும். ரெண்டு பக்கமும் ஐஸ் வச்சுக்கிடுவோம். ஏறுனா உடனே ஐஸ்."

"வெட்டினா ரெண்டு பேருக்கும் உயிர் மிஞ்சும். இதுல எதுவும் மிஞ்சாமப் போகலாம்."

"ஆமா."

"அவங்களைக் கேக்கணும்."

"கேப்போம்."

சண்முகத்தாய்க்கு விஷயத்தை இரண்டு முறை சொன்னார்கள். கேட்டுக்கொண்டாள். பிறகு தம்பியின் வேகாத இடது கையைத் துண்டால் மூடித் தன் கையை உள்ளே விட்டாள். காதருகே குனிந்து மெல்லப் பேசினாள். துண்டு அசைந்தது.

"அஞ்சு," என்றாள் நிமிர்ந்து. "படிஞ்சிருச்சுங்கான்."

கட்டிலைச் சுற்றிப் போய் அழகுத்தாயின் வலது கைக்குத் துண்டை மாற்றினாள். சொன்னாள். துண்டு அசைந்தது. மறுபடி அசைந்தது. சண்முகத்தாயின் முகம் சுருங்கியது.

"என்ன சொல்றாங்க?"

"ரெண்டுங்கா. பெறகு மூணுங்கா. இவளுக்கு ஒழுங்காவும் வராது. ஏத்தா, ஒரே நிலையில நில்லு." ஒவ்வொன்றாகக் கேட்டு விரல் சொன்னதைத் தொட்டறிந்தாள். "சார், வெட்டுறதா இருந்தா யாரு கைய வெட்டுவீகன்னு கேக்கா."

மருத்துவர் தயங்கினார். "அவங்க கைய. அது இடது கைங்கறதால."

சண்முகத்தாய் சொன்னாள். துண்டு உடனே அசைந்தது.

"அப்ப வெட்டச் சொல்லுதா."

வீரபெருமாளின் கண்கள் திறந்திருந்தன. அவனால் தலையைத் திருப்ப முடியாது. ஒட்டியிருந்த கைகளில் அவன் பக்கம் மட்டும் ஒருமுறை இறுகியது. ஐந்து விரலும்.

அழகுத்தாய் கண்ணை மூடினாள். சண்முகத்தாயின் கைக்குமேல் துண்டு மெல்ல அசைந்தது.

"அஞ்சு," என்றாள் சண்முகத்தாய். முகத்தைத் துடைத்தாள். "கிறுக்குச் சிறுக்கி. மொதல்லயே சொல்றதுக்கென்ன."

எட்டு இருபதுக்கு முதல் சொட்டு. ஞானதுரை கைகளுக்கு அடியில் தட்டு வைத்து, சொட்டுக்குழாயால் ஒட்டின கோட்டில், கோடு இருக்க வேண்டிய இடத்தில், விட்டுக்கொண்டே இருந்தான். நொதிமானியின் முனை அவள் சுண்டுவிரலில் இருந்தது. ஒன்பது மணிக்கு நாற்பது. பத்து மணிக்கு முப்பத்திரண்டு. பத்தே முக்காலுக்குக் கட்டைவிரல்களுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

"வருது," என்றார் மருத்துவர்.

"இழுக்காதீங்க."

பதினொன்று பத்துக்குச் சுண்டுவிரல் பிரிந்தது. பிறகு மோதிர விரல். பிறகு உள்ளங்கைகள் ஓசையில்லாமல் விலகின. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் மிச்சம்.

அப்போது நர்ஸ், "சார், இங்க!" என்றாள்.

அழகுத்தாயின் மணிக்கட்டில் வாசலின் அணைக்கு மேலே, தோல் ஓர் இடத்தில் சுருங்கி நகர்ந்திருந்தது. ஒரு துளி எப்படியோ தாண்டியிருந்தது. நகர்ந்த இடம் பார்க்கப் பார்க்க ரூபாய் நாணயத்தின் அளவிலிருந்து முட்டை அளவுக்கு வந்தது.

"ஐஸ்."

ஞானதுரை பையை அவள் முன்கையில் வைத்து அழுத்தினான். அவள் உடம்பு தூக்கிப்போட்டது. மருத்துவர் கத்தியை எடுத்துவிட்டார். "ரெண்டு விரல்தான். வெட்டிவிட்டுட்டு மொத்தத்தையும் கழுவிருவோம் ஞானம். போதும்."

"பத்து நிமிசம்."

"முன்கை முழுக்கப் போயிரும்."

"போகாது. குளுந்திருச்சு. நிக்குது பாருங்க. பத்து நிமிசம் டாக்டர்."

வலது கையால் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு இடது கையால் சொட்டுவிட்டான். நொதிமானி பதினான்கு. பன்னிரண்டு. முட்டை அளவு முட்டை அளவிலேயே நின்றது. பதினொன்று. பன்னிரண்டு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கையில் நடுவிரல் பிரிந்தது. ஆள்காட்டி விரல் கடைசி.

நர்ஸ் குளிர்ந்த உப்புநீரால் கைகளைக் கழுவினாள். மருத்துவர் கத்தியைத் தட்டில் வைத்தார். இரண்டு கைகளும் முழுதாக, தனித்தனியாக, தனித்தனித் துண்டுகளில் கிடந்தன.

ஞானதுரையின் வலது கை ஐஸில் மரத்துப்போயிருந்தது. விரலை மடக்கிப் பார்த்தான். வரச் சற்று நேரமாயிற்று.

*

மூன்று மாதத்தில் அரசாணை வந்தது.

பொதுத்தோல் பெற்ற இருவர், தோலும் தோலும் படும்படி நாற்பது நிமிடத்துக்கு மேல் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பதினோராயிரம் பேருக்கும் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு சிறு கருவி கொடுத்தார்கள். பெயர் தொடுமணி. இன்னொரு பொதுத்தோல் பட்டதும் எண்ணத் தொடங்கும், நாற்பதாவது நிமிடம் அலறும். கூடவே ஒரு புட்டி விடுநீர். ஐம்பது நிமிடத்தில் பிடிக்கும் தோல் என்பதால் பத்து நிமிடம் முன்னதாகவே அலறல். சட்டத்துக்குள் தொங்கிய அந்த ஐம்பதைத்தான் அரசாணையும் எடுத்துக்கொண்டிருந்தது. ஞானதுரை சான்றிதழைக் கழற்றவில்லை.

ஆணையில் இருந்தது நாற்பது நிமிடம்தான். ஊர் அத்தனை நேரம் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் பொதுத்தோல்காரர் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. சொந்தத் தோல்காரர்களோடு அந்தத் தோல் ஒட்டாது என்று பத்திரிகையில் எழுதினார்கள், சுவரில் எழுதினார்கள். யாரும் படித்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

வீரபெருமாளும் அழகுத்தாயும் மறுபரிசோதனைக்கு வந்தபோது, கூட வந்த சண்முகத்தாய்தான் முதலில் பேசினாள். பேச ஆள் கிடைக்காமல் பல நாள் அடக்கிவைத்திருந்த வேகம்.

"சார், எங்கூரு டீக்கடையில தோல்காரங்களுக்குன்னு தனி பெஞ்சு போட்டுட்டான். எங்க அப்பன் காலத்துல தனிக் கிளாசு. மேலத்தெருக்காரன் மாட்ட மட்டும் தொட்டுப் பிடிச்சு வாங்குவான், அப்பன் கையில காசத் தூக்கித்தான் போடுவான். துண்டுக்குள்ள விட்டா கை தெரியாதுல்ல, அங்க மட்டும் பிடிப்பான். அதெல்லாம் போயிருச்சுன்னு நெனச்சோம். இது எந்தச் சாதிடான்னு கேட்டேன். இது தோல் சாதிங்கான்."

"அந்தப் பெஞ்சுல யாரு உக்காருறா?"

"மேலத்தெரு முதலாளி மகன் உக்காந்திருக்கான், போன வருசம் கார்ல வெந்தவன். பக்கத்துல எந்தம்பி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு முழம் எடம் விட்டு. மொத மொதல்ல அந்தப் பயலுக்கு எடம் விட்டு உக்காரத் தெரிஞ்சிருக்கு." சிரித்தாள்.

வீரபெருமாளின் குரல் இன்னும் கரகரத்தது. "சார், புதுத் தோல் வருதுன்னாகளே."

"வளத்துட்டேன்," என்றான் ஞானதுரை. "மிதவையக் கொட்டாம, பிடிக்கிறதுக்கு நடுவுல சேத்து விதைச்சேன். உதிருது. ரெண்டு தட்ட ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பாத்தேன். ஒட்டல."

"அப்பப் போட்டுருங்க."

"பிடிக்க ஒம்பது நாள் ஆச்சு. விதி ரெண்டு மணி நேரம். தரம் போதாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துக் காட்டினான். மூன்றாவது கடிதம். "உடம்பு பூரா வெந்தவன ஒம்பது நாள் திறந்து போட்டு வைக்க முடியாதுங்கறாங்க. அதுவும் நெசந்தான். அடுத்த மாசம் மறுபடி அனுப்புவேன். எட்டு நாளாக் கொறஞ்சிருக்கு."

"அது வரைக்கும் பழசுதானா?"

"பழசுதான். நேத்துக்கூட நாலு பேருக்குப் போட்டோம். பொழைச்சுக்கிட்டாங்க."

அவன் அழகுத்தாயின் முன்கையைச் சோதித்தான். முட்டை அளவில் ஒரு தழும்பு இருந்தது. அந்த இடத்தில் அவளுடைய சொந்தத் தோல் ஓரங்களிலிருந்து ஊர்ந்து வந்து மூடியிருந்தது. கறுப்பாக, லேசாக உதிர்ந்தபடி.

அவளுடைய இடது கை துண்டுக்குள் இருந்தது. வீரபெருமாளின் வலது கையும். உட்கார்ந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தான்.

"தொடுமணி ஓடுதா?"

"ஓடுது சார்," என்றாள் அழகுத்தாய். "தெனமும் நாப்பது நிமிசத்தையும் தீத்துருவோம். பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்துனோம், அஞ்சு நிமிசம் சேந்தாப்புல இந்த மனுசன் கையப் பிடிச்சது கெடையாது. கைன்னா வேலைதான். இப்ப இம்புட்டுத்தான்னு அளந்து குடுத்ததும் ஒரு நிமிசம் விடுறதில்ல."

"ஏய், சார்கிட்டப் போயி..." என்றான் வீரபெருமாள்.

"என்ன இப்ப. அவருதான பிரிச்சுவிட்டவரு." அவள் ஞானதுரையின் மணிக்கட்டைப் பார்த்தாள். "ஒங்களுக்கு இது கெடையாதா சார்?"

"இல்ல. எனக்குச் சொந்தத் தோல்தான்."

"அப்ப நீங்க எம்புட்டு நேரம் வேணாலும் பிடிச்சுக்கிடலாம்."

"ஆமா," என்றான். அடுத்த பக்கத்தைப் புரட்டி நொதி அளவுகளை எழுதினான்.

தொடுமணி அலறியது. வீரபெருமாள் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தான். நாற்பது நிமிடத்தில் ஒட்டாது. ஒட்டக் கூடாது. ஆனால் அவன் கை வெளியே வந்தபோது அவளுடைய இரண்டு விரல்கள் துண்டின் விளிம்பு வரைக்கும் கூடவே வந்தன. பிறகு விட்டன.

தோல் பிடித்ததா, அவள் பிடித்தாளா என்று நொதிமானியை வைத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். அது மேசையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஞானதுரை அதை எடுக்கவில்லை. விடுநீர்ப் புட்டியைத் திறந்து அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தான்.